தலைச்சுற்றல் குணமான பிறகும் வெளியே வர மறுக்கும் மனைவி: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி
எழுதியவர்: தொண்டையார்பேட்டை ஓய்வூதியர்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 69, என் மனைவிக்கு 64. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பிள்ளைகள் இருவரும் வெளியூரில் குடும்பத்தோடு இருப்பதால், தொண்டையார்பேட்டை வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே இருக்கிறோம். வேலையில் இருந்த காலத்தில் ஷிப்ட், ஓவர்டைம் என்றே நாட்கள் போய்விட்டன. சேர்ந்து வெளியே போவதென்றால் யாராவது வீட்டுக் கல்யாணமாக இருக்க வேண்டும். ஆகவே ஓய்வு பெற்ற பிறகு நாங்களாகவே ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டோம். வெள்ளிக்கிழமை தோறும் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில், மாதத்தில் ஒரு நாள் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகள், உடம்பு இடம் கொடுக்கும் ஆண்டுகளில் ஒரு பௌர்ணமியன்று மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், வட திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் ஆகிய மூவரையும் காலை, உச்சி, மாலை என ஒரே நாளில் தரிசிப்பது என்று எங்கள் வாழ்க்கை நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

சுமார் ஆறு வாரங்களுக்கு முன்பு ஒரு விடியற்காலையில், படுக்கையில் வலது பக்கம் திரும்பிய மனைவி, வீடே சுழல்கிறது என்று கத்திக் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். ஒரு நிமிடத்துக்குள் சுழற்சி நின்றுவிட்டது, ஆனால் வாந்தி நிற்க அரை மணி நேரம் ஆயிற்று. பக்கவாதமாக இருக்குமோ என்று எனக்குக் கைகால் ஓடவில்லை. பக்கத்து வீட்டு அம்மையார் பித்தம் என்று சொல்லி இஞ்சிச் சாறு கொண்டு வந்தார். நான் காத்திருக்கவில்லை, ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். ரத்த அழுத்தமும் இ.சி.ஜி.யும் சரியாக இருந்தன. மறுநாள் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் அவரை உட்கார வைத்து, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்துக் கண்களைக் கவனித்தார். கருவிழிகள் துடித்ததை நானும் பார்த்தேன். காதுக்குள் இருக்கும் சுண்ணாம்புத் துகள் இடம் மாறியதால் வருவது, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி, தலையைப் படிப்படியாகத் திருப்பி எழுப்பி உட்கார வைத்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு வாரம் கழித்து அதையே இன்னொரு முறை செய்தார். அதன் பிறகு இன்றுவரை படுக்கையில் ஒரு தடவைகூடச் சுற்றவில்லை. இந்த இரண்டு சிகிச்சைகளுக்கும் இடைப்பட்ட ஒரு நாளில் எம்.சி. ரோட்டுப் புடவைக் கடையில் மேல் தட்டில் இருந்ததை அண்ணாந்து பார்த்தபோது ஒரு முறை வந்தது, அதுவே கடைசி.

நோய் போய்விட்டது, ஆனால் என் மனைவி தெருவாசலைத் தாண்டி ஐந்து வாரங்கள் ஆகின்றன. ஒரு நாள் வெயில் என்கிறார், ஒரு நாள் முழங்கால் என்கிறார், இன்னொரு நாள் வேலைக்காரம்மா வரும் நேரம் என்கிறார். வெள்ளிக்கிழமை வந்தால், இங்கிருந்தே கும்பிட்டுக்கொள்கிறேன், நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்கிறார். வாசலில் கோலம் போடுவதையும் நிறுத்திவிட்டார். தண்ணீர் தெளிப்பது மட்டும் இப்போது என் வேலை. மகன் தொலைபேசியில், அம்மாவை எங்கேயும் அலைய விடாதீர்கள் என்று தினமும் சொல்கிறான். போன வாரம் பொறுமை இழந்து, டாக்டரே குணமாகிவிட்டது என்று சொன்ன பிறகு உனக்கு என்ன பயம் என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் பேசாமல் அழுதார். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

வெளியே அழைத்துச் சென்றால் மறுபடி வருமா, வந்தால் வழியில் நான் என்ன செய்ய வேண்டும், முதலில் எந்த இடத்துக்கு எதில் போவது நல்லது என்பதை இதே நிலையைக் கடந்தவர்கள் சொன்னால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதில் 1
எழுதியவர்: வியாசர்பாடி, ஓய்வு பெற்ற செவிலியர்

ஐயா, வணக்கம். நீங்கள் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போனது மிகச் சரியான காரியம். தலைச்சுற்றல் என்றாலே பித்தம் என்று வீட்டில் வைத்திருந்து, பிறகு பக்கவாதத்தோடு வந்தவர்களை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன் என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

நீங்கள் விவரித்ததை மருத்துவர்கள் பி.பி.பி.வி. என்று சுருக்கிச் சொல்வார்கள். நம் உட்காதில் ஒரு சிறு பையின் மேல் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வயது ஏற ஏற அவற்றில் சில உதிர்ந்து, தலையின் திருப்பத்தை மூளைக்குச் சொல்லும் அரைவட்டக் குழாய்களில் ஒன்றுக்குள், பெரும்பாலும் பின்பக்கக் குழாய்க்குள், போய்விடும். அந்தக் குழாயில் திரவம் இருக்கிறது. நாம் தலையை அசைத்து நிறுத்திய பிறகும் துகள் உருண்டுகொண்டிருப்பதால் திரவம் நகர்கிறது, தலை இன்னும் சுழல்கிறது என்ற பொய்ச் செய்தி மூளைக்குப் போகிறது. துகள் அடியில் தங்கியதும் சுழற்சி நின்றுவிடும், அதனால்தான் ஒரு நிமிடத்துக்குள் அடங்குகிறது. மருத்துவர் செய்தது எப்லி என்ற முறை. மருந்தில்லாமல், தலையின் நிலையை மாற்றி மாற்றி அந்தத் துகளை வந்த வழியே வெளியேற்றுவது. துகள் கரைவதற்கு மாத்திரை கிடையாது. வாந்தியை அடக்கக் கொடுக்கும் ப்ரோகுளோர்பெரசின், சின்னாரிசின் போன்ற மாத்திரைகளை இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாரா என்று பாருங்கள். சில நாட்களுக்கென்று எழுதியதைச் சீட்டைக் காட்டி மாதக் கணக்கில் வாங்கிச் சாப்பிடுவோர் நம் பக்கத்தில் மிக அதிகம். அவை தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் கொடுப்பதோடு, மூளை தன் சமநிலையைத் திரும்பப் பழகிக்கொள்வதையும் தாமதப்படுத்தும். எதை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரிடமே கேளுங்கள்.

இப்போது நீங்கள் கவனிக்கத் தவறியதாக எனக்குத் தோன்றும் ஒன்றைச் சொல்கிறேன். துகள் இடம் திரும்பிய பிறகும், பலருக்குச் சில வாரங்கள்வரை ஒரு மிதப்பு இருக்கும். வீடு சுழலாது, ஆனால் தரை பஞ்சு போல் இருக்கும், நடக்கும்போது ஒரு பக்கமாக இழுப்பது போலத் தோன்றும், கூட்டத்தில் நிற்கக் கூசும். இது ஆபத்தல்ல, தானே குறையும். ஆனால் "குணமாகிவிட்டது" என்று நீங்கள் அடித்துச் சொல்லும்போது, தன் உடம்பு வேறு மாதிரி சொல்வதை அவர் யாரிடம் சொல்வார்? அந்த மிதப்புக்கு நடைதான் மருந்து. வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அது நீடிக்கும். மகனிடமும் இதைச் சொல்லுங்கள்.

வெளியே போவதால் இது திரும்பி வராது. திரும்பி வருவதென்றால் வீட்டுப் படுக்கையிலும் வரும். பலருக்குச் சில ஆண்டுகளில் மறுபடி வருவது உண்டு, வந்தால் அதே சிகிச்சையை மறுபடி செய்துகொள்ளலாம். வழியில் வந்தால் அவரை அருகில் இருக்கும் சுவரோரமாகவோ படியிலோ உட்கார வைத்து, தலையை அசைக்காமல் நிலையான ஒரு பொருளைப் பார்க்கச் சொல்லி, ஒரு நிமிடம் கூடவே இருங்கள். அண்ணாந்து கோபுரம் பார்ப்பது, சட்டென்று குனிந்து விழுந்து கும்பிடுவது, மேல் தட்டுப் பாத்திரத்தை எட்டி எடுப்பது ஆகிய மூன்றையும் கொஞ்ச நாள் மெதுவாகச் செய்யட்டும். காலையில் எழும்போது பக்கவாட்டில் திரும்பி, கால்களைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்த பிறகு நிற்கட்டும். அவர் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், படுத்த நிலையிலும் எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் அழுத்தத்தை அளந்து பார்ப்பது அவசியம். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அது வேறு வகைத் தலைச்சுற்றல், மாத்திரை அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். வைட்டமின் டி குறைவாக இருப்பவர்களுக்கு இந்த நோய் திரும்புவது அதிகம் என்பதால் அந்தப் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

ஒரே ஓர் எச்சரிக்கை. பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கைகால் பலவீனம், இரண்டிரண்டாகத் தெரிதல், இதுவரை இல்லாத கடும் தலைவலி, திடீர்க் காது கேளாமை, நிற்கவே முடியாத அளவுக்குத் தள்ளாட்டம் ஆகியவற்றில் எது சேர்ந்து வந்தாலும், அல்லது சுழற்சி நிமிடக் கணக்கில் நிற்காமல் மணிக் கணக்கில் நீடித்தாலும், இது பழைய காது நோய்தான் என்று நினைக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.


பதில் 2
எழுதியவர்: காலடிப்பேட்டை வாசகர்

நோயைப் பற்றிச் செவிலியர் அம்மா சொன்னதற்கு மேல் சொல்ல எனக்கு அறிவில்லை. போக்குவரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் சென்ற ஆண்டு என் தாயாரைக் கண் அறுவைக்குப் பிறகு இதே பாதையில் நான்தான் பழக்கினேன்.

திருவொற்றியூருக்கு மெட்ரோவில் போங்கள். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை இந்தப் பாதை திறந்ததிலிருந்து நம் பக்கத்து முதியவர்களுக்கு உண்மையான வசதி கிடைத்திருக்கிறது. தொண்டையார்பேட்டை நிலையத்தில் ஏறினால் திருவொற்றியூர் தேரடி நான்காவது நிறுத்தம். நகரும் படிக்கட்டில் கால் வைக்கும் நொடியில்தான் மிதப்பு உள்ளவர்கள் தடுமாறுவார்கள், ஆகவே இரண்டு நிலையங்களிலும் மின்தூக்கியையே தேடிப் போங்கள். பெட்டியில் இருக்கை பக்கவாட்டில் இருப்பதால் ஜன்னலில் கட்டடங்கள் ஓடுவதைப் பார்த்தால் தலை கிறுகிறுக்கும். தொண்டையார்பேட்டையில் வண்டி பூமிக்கடியில் இருந்து பிறகு மேம்பாலத்துக்கு ஏறும், இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வரும் அந்த இடத்தில் அம்மாவை உள்ளே இருக்கும் கம்பியைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள்.

பேருந்து வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சாதாரணக் கட்டணப் பேருந்தில் அம்மாவுக்கு 2021 மே மாதத்திலிருந்தே கட்டணம் இல்லை, உங்களுக்கும் மூத்த குடிமக்களுக்கான மாதம் பத்து டோக்கன் இருக்கும். ஆனால் நடத்துநர் விசில் அடிப்பதற்குள் உட்கார வேண்டுமே என்ற பதற்றம் இந்த நிலையில் அவருக்கு ஆகாது. தாழ்தளப் பேருந்து வந்தால் ஏறுங்கள், அதில் படி ஏறும் சிரமம் இல்லை. ஷேர் ஆட்டோ இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். டி.எச். ரோட்டில் (திருவொற்றியூர் நெடுஞ்சாலையில்) அது குலுக்கும் குலுக்கலும் போடும் பிரேக்கும் நல்ல தலையையே சுற்ற வைக்கும்.

வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் தவிர்த்து, ஒரு புதன்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். சன்னதியில் வரிசையில் நிற்க வேண்டியிராது. தலமரமான மகிழ மரத்தின் அருகே உட்கார்ந்துவிட்டு வந்தாலே போதும், சுந்தரர் சங்கிலி நாச்சியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்த இடம் அது. அங்கே கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தால் என் தாயாருக்கு முகமே மாறிவிடும். அதே கோயிலின் மூலவரான ஆதிபுரீசுவரருக்குக் கவசம் திறக்கும் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாட்களில் மட்டும், எவ்வளவு ஆசையாக இருந்தாலும், இந்த ஆண்டு போகாதீர்கள். மூன்று அம்மன்களையும் ஒரே நாளில் பார்ப்பதையும் தள்ளிப் போடுங்கள். மீஞ்சூர் பக்கத்து மேலூரிலிருந்து அம்பத்தூருக்கு அப்பால் உள்ள திருமுல்லைவாயில் வரை ஒரே பகலில் என்பது உடம்பு நன்றாக இருப்பவருக்கே களைப்பு தரும்.


பதில் 3
எழுதியவர்: கொருக்குப்பேட்டை, இல்லத்தரசி

ஐயா, தவறாக நினைக்க வேண்டாம். உங்கள் கேள்வியை மூன்று முறை படித்தேன். மருத்துவர் என்ன சொன்னார், மகன் என்ன சொன்னார், பக்கத்து வீட்டம்மா என்ன சொன்னார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அம்மா என்ன சொன்னார் என்பது மட்டும் இல்லை. அவர் சொன்ன சாக்குகள்தான் இருக்கின்றன.

எனக்கும் இதே நோய் வந்தது, எனக்கு வயது 58. அந்தச் சுழற்சியை நான் ஒருவாறு தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாமல் போனது வேறு. சொந்தக்காரர் வீட்டுச் சீமந்தத்தில், வளையல் அடுக்கக் குனிந்த இடத்தில் சுற்றி, எல்லார் முன்னிலையிலும் வாந்தி எடுத்துவிட்டேன். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் புடவை நனைந்து, தலைமுடி கலைந்து, நாலு பேர் கைத்தாங்கலாகத் தூக்கிக்கொண்டு போன அந்தக் கோலத்தை நினைத்தால் எனக்கு உடம்பு கூசும். ஆறு மாதம் எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. மறுபடி சுற்றிவிடுமோ என்பதைவிட, மறுபடி நாலு பேர் பார்க்க விழுந்துவிடுவேனோ என்பதுதான் என் பயமாக இருந்தது. என் வீட்டுக்காரருக்கு இது கடைசிவரை புரியவில்லை, நானும் சொல்லவில்லை.

புடவைக் கடையில் நடந்ததை நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். ஐந்து வாரமாக அவர் வாசலைத் தாண்டவில்லை என்கிறீர்களே, அது அந்தக் கடையிலிருந்து திரும்பிய நாளிலிருந்துதானே? அங்கே என்ன நடந்தது, அவர் எங்கே உட்கார்ந்தார், யார் பார்த்தார்கள், எப்படி வீடு வந்து சேர்ந்தார் என்று அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். சமாதானம் சொல்வதற்காகக் கேட்காதீர்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் எதுவும் சொல்லாமல் இருங்கள். எந்த இடத்துக்கு முதலில் போவது என்பதை நாங்கள் யாரும் சொல்லத் தேவையில்லை, அவரே சொல்வார்.

இன்னும் ஒன்று. எனக்குத் தைரியம் வந்தது ஒரு பையால். ஒரு துண்டு, ஒரு தண்ணீர் பாட்டில், இரண்டு கெட்டியான பிளாஸ்டிக் உறை, ஒரு எலுமிச்சம்பழம், மாற்று ரவிக்கை ஒன்று ஆகியவற்றைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு ஆண்டுகளாக அந்தப் பையைத் திறக்கத் தேவை வரவில்லை. இன்றும் கூடவே எடுத்துச் செல்கிறேன்.


கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: தொண்டையார்பேட்டை ஓய்வூதியர்

பதினெட்டு நாட்கள் கழித்து எழுதுகிறேன். மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி.

கொருக்குப்பேட்டைச் சகோதரியின் பதிலைப் படித்த இரவே மனைவியிடம் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றார். நான் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசினார். கடையில் அவருக்குச் சுற்றியபோது நான் ஆட்டோ பிடிக்க ஓடிவிட்டேன். நான் திரும்பி வரும்வரை அவர் தரையில், விரித்துப் போட்டிருந்த புடவைகளின் நடுவே உட்கார்ந்திருக்கிறார். புதுப் புடவை ஒன்றின் மேல் வாந்தி பட்டுவிட்டது. அங்கே வேலை செய்யும் ஒரு சின்னப் பெண், தன் துப்பட்டாவால் அவர் வாயைத் துடைத்து, நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அந்தப் புடவைக்கு அவள் சம்பளத்தில் பிடித்திருப்பார்களோ என்பதுதான் ஐந்து வாரமாக என் மனைவியைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறது. நான் அவரை ஆட்டோவில் ஏற்றிய அவசரத்தில் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூட விடவில்லை என்றும் சொன்னார். நடக்கும்போது தரை மெத்தென்று இருப்பதும் உண்மைதான், நீங்கள்தான் குணமாகிவிட்டது என்றீர்களே என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

மறுநாளிலிருந்து காலை ஆறரை மணிக்குத் தெருமுனை வரை நடந்தோம், நான்கு நாட்களில் அது கடற்கரைச் சாலைப் பக்கம் வரை நீண்டது. மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கேட்டபோது, அதை இரண்டாவது வாரத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும் என்றார். நின்றும் படுத்தும் ரத்த அழுத்தம் பார்த்தோம், வித்தியாசம் இல்லை. வைட்டமின் டி குறைவாக இருந்ததால் அதற்கு மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்.

முதலில் போக வேண்டிய இடம் கோயில் அல்ல, அந்தக் கடைதான் என்று மனைவி சொன்னார். ஒரு செவ்வாய்க்கிழமை, கடை திறந்த சற்று நேரத்தில், கூட்டம் சேர்வதற்கு முன்பாகப் போனோம். துணிப்பையில் துண்டும் தண்ணீரும், அவற்றோடு அவர் கைப்படச் சுட்ட முறுக்கு ஒரு டப்பாவும் இருந்தன. அந்தப் பெண் எங்களைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு, இப்போது எப்படி இருக்கிறீர்கள் அம்மா என்று முக்காலியை எடுத்துப் போட்டாள். சம்பளத்தில் யாரும் பிடிக்கவில்லையாம், புடவையை அலசிக் காயவைத்துத் தள்ளுபடி விலையில் விற்றுவிட்டார்களாம். என் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசினார், நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மேல் தட்டுப் புடவைகளை அவளே இறக்கிக் காட்ட, ஒன்று வாங்கிக்கொண்டு வந்தோம்.

வீடு திரும்பும் வழியில், அடுத்த புதன்கிழமை திருவொற்றியூர் போகலாம் என்று அவராகவே சொன்னார். மகிழ மரத்தடியில் உட்கார்ந்துதான் கோபுரத்தைப் பார்ப்பாராம், நிமிர்ந்து பார்க்கும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டுமாம், ஆட்டோ பிடிக்கக்கூட நகரக் கூடாதாம். சரி என்று சொல்லியிருக்கிறேன்.